எல்லைச் சாலைகளும் புல்டோசர் ஓட்டுநரும்

சாலைகளின் வரலாற்றை எழுதுவோர் அவற்றை அமைக்க ஆணையிட்ட அரசரையும் அமைச்சரையும் குறிப்பர். திட்டம் வகுத்த பொறியாளரையும் ஓரளவு குறிப்பர். மலைச்சரிவில் முதன்முதலாக இயந்திரத்தைச் செலுத்தியவரின் பெயர் ஏடுகளில் ஏறுவது அரிது. தலைநகரில் வாழும் தமிழராகிய நாம் கோடை விடுமுறையில் காஷ்மீரத்துக்கும் மணாலிக்கும் லடாக்குக்கும் சென்று வருகிறோம். அச்சாலைகள் உண்டான வரலாறு யாது, அதில் புல்டோசர் ஓட்டுநர் ஆற்றிய பணி யாது, அவருக்கு நாடு வழங்கியுள்ள நிலை யாது என்பவற்றை இம்மலரின் வாயிலாகச் சுருங்கக் கூற விழைகிறேன்.

சோஜிலாக் கணவாய்

ஸ்ரீநகரிலிருந்து லே நகருக்குச் செல்லும் வழியில், ஏறத்தாழ 11,500 அடி உயரத்தில் உள்ளது சோஜிலாக் கணவாய். 1948-ஆம் ஆண்டுப் போரில் பகைவர் இதனைக் கைப்பற்றி லடாக்குக்குச் செல்லும் வழியை அடைத்தனர். ஜெனரல் திம்மய்யா பீரங்கி வண்டிகளை அவ்வுயரத்துக்குக் கொண்டுசெல்லத் துணிந்தார். ஆனால் பால்தாலிலிருந்து கணவாய்க்கு இருந்ததோ கோவேறு கழுதைகள் செல்லும் ஒற்றையடிப் பாதை. அதனை அகலப்படுத்தும் பொறுப்பு மதராஸ் சாப்பர்களிடம் விடப்பட்டது. தமிழர் பலர் தலைமுறை தலைமுறையாகப் பணிபுரிந்து வரும் படைப்பிரிவு அது. அவர்கள் திருத்திய பாதையில் ஏறிய வண்டிகள் 1948 நவம்பர் 1-ஆம் நாள் தாக்குதலில் இறங்கின; கணவாய் மீட்கப்பட்டது. மலைநாட்டுப் போரில் வெற்றியை முதலில் தீர்மானிப்பது பாதையே என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

எனினும், அவ்வுணர்வு செயலாக மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. 1957-இல் சீனா அக்சாய் சின் வழியே தன் சாலையை முடித்துவிட்டது. அதன் பின்னரே நம் நாடு விழித்துக்கொண்டது எனலாம். 1960 மே 7-ஆம் நாள் எல்லைச் சாலைகள் அமைப்பு தோன்றியது. கிழக்கே தேஜ்பூரில் ‘டஸ்கர்’ என்ற பெயரிலும், மேற்கே காஷ்மீரத்தில் ‘பீக்கன்’ என்ற பெயரிலும் முதல் இரு திட்டங்கள் தொடங்கப்பெற்றன. ‘டஸ்கர்’ பின்னர் ‘வர்த்தக்’ எனப் பெயர் மாறியது. அன்று தொட்டு இவ்வமைப்பு இட்ட சாலைகளின் நீளம் 60,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்டது.

ஓட்டுநரின் தொழில்

இவ்வமைப்பில் படையிலிருந்து வந்த பொறியாளருடன், ‘கிரெஃப்’ எனச் சுருக்கி வழங்கப்படும் பொதுப் பொறியியல் சேமப்படையினர் பணிபுரிகின்றனர். புல்டோசரையும் மண்வாரி இயந்திரங்களையும் இயக்குவோர் இப்படையைச் சேர்ந்தவரே. அப்பணிக்கு ‘ஆபரேட்டர் எக்ஸ்கவேட்டிங் மெஷினரி’ என்பது பெயர்.

சமவெளியில் மண் தள்ளுவதும் மலைச்சரிவில் மண் தள்ளுவதும் ஒன்றல்ல. மலையில் ஒருபுறம் செங்குத்தான பாறை, மறுபுறம் பள்ளத்தாக்கு. பாறை குறுக்கிட்டால் துளையிட்டு வெடிவைப்பர். சிதறிய கற்களையும் மண்ணையும் புல்டோசர் தன் முன்னுள்ள இரும்பு அலகால் அகற்ற வேண்டும். குவியலை விளிம்புக்கு அப்பால் ஒரேயடியாகத் தள்ள முனைவது அறியாதார் செயல். தேர்ந்த ஓட்டுநர் முதற்குவியலை விளிம்பிலேயே நிறுத்திவிடுவார். இரண்டாவது குவியலைக் கொண்டுவந்து, அதனைக்கொண்டு முதலாவதைத் தள்ளுவார். இங்ஙனம் இயந்திரத்திற்கும் பள்ளத்திற்கும் இடையே எப்போதும் ஒரு மண்மேடு காவலாக நிற்கும். விளிம்பில் கிடப்பது புதிதாகக் கொட்டிய மண். பல டன் எடையைத் தாங்கும் உறுதி அதற்கு இல்லை. தலைக்கு மேலுள்ள பாறையோ வெடியால் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். ஆகவே அவர் ஒரு கண்ணால் அலகையும் மறு கண்ணால் மலையையும் பார்த்தவாறே வேலை செய்ய வேண்டும்.

உயரம் ஏற ஏற இடர் மிகுகின்றது. லடாக்கில் உம்லிங் லாக் கணவாய் வழியாக 19,024 அடி உயரத்தில் இவ்வமைப்பு சாலை அமைத்துள்ளது; 2021-இல் அது உலகச் சாதனையாகப் பதிவாயிற்று. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதியே. மனிதனுக்கு மூச்சு வாங்குகிறது, இயந்திரத்திற்கும் அவ்வாறே. கடுங்குளிரில் டீசல் உறைந்து கட்டியாகும் ஆதலால், காலையில் இயந்திரத்தை உயிர்ப்பிப்பதே ஒரு பெரும்பணி.

சாலை முடிந்த பின்னரும் ஓட்டுநரின் கடமை முடிவதில்லை. சோஜிலாவில் காற்று கொண்டுவந்து குவிக்கும் பனி, சாலையின் இருமருங்கும் சுவர்போல் எழும். சோனமார்க் பக்கத்திலிருந்து ‘பீக்கன்’ பிரிவும், திராஸ் பக்கத்திலிருந்து ‘விஜயக்’ பிரிவும் அதனை அகற்றிக்கொண்டு வந்து நடுவில் சந்திக்கின்றன. முற்காலத்தில் பல மாதங்கள் மூடிக்கிடந்த இக்கணவாய், 2023-இல் 68 நாட்களிலும் 2025-இல் 32 நாட்களிலும் மீண்டும் திறக்கப்பட்டது. லடாக்கு மக்களுக்கு மருந்தும் காய்கறியும் விரைந்து சென்றன என்பதே இவ்வெண்களின் பொருள்.

சட்டம் வகுத்த நிலை

இத்தகைய பணியாற்றுவோர் படைவீரரா, குடிமைப் பணியாளரா? இவ்வினா வெறும் சொல்லாராய்ச்சி அன்று. பல குடும்பங்களின் வாழ்வைத் தொடுவது. 1960-இலேயே படைச்சட்டத்தின் சில பிரிவுகள் கிரெஃப் பணியாளருக்கும் பொருந்துமாறு செய்யப்பட்டன. அச்சட்டப்படி தண்டனை பெற்ற சிலர் அதனை எதிர்த்து வழக்காடினர். 1983-இல் உச்ச நீதிமன்றம், கிரெஃப் நாட்டின் ஆயுதப்படைகளின் பிரிக்க முடியாத பகுதியே எனத் தீர்ப்பளித்தது. எனவே சங்கம் அமைத்தல் முதலான உரிமைகளைக் கட்டுப்படுத்துதல் முறையே என்றாயிற்று. ஆனால் பணிநிலை முதலியவற்றில் அவர்களை ஆள்வன குடிமைப் பணி விதிகள். ஓய்வு பெற்றபின் படைவீரருக்குரிய ஓய்வூதிய முறை அவர்களுக்கு வாய்க்கவில்லை. கட்டுப்பாட்டுக்குப் படை, பயனுக்குக் குடிமை என்ற இந்நிலை நேரியதுதானா என்று அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. தளவாடமும் உணவும் அவர்கள் திறந்த வழியிலேதான் எல்லைக்குச் செல்கின்றன அன்றோ?

மலைச்சாலைகளின் ஓரங்களில், பணியின்போது மாண்டோருக்கு எழுப்பிய நினைவுக் கற்களைக் காணலாம். அடுத்த முறை அவ்வழியே செல்லும் அன்பர்கள் வண்டியை நிறுத்தி அவற்றிலுள்ள பெயர்களைப் படித்தல் வேண்டும். இத்தொழிலில் உழைத்து ஓய்வு பெற்றவர்களை நம் சங்க மேடைக்கு அழைத்து, அவர்கள் வாய்மொழியை எழுதி வைத்தலும் வேண்டும். அவர்கள் உள்ளபோதே செய்யத்தக்க பணி இது, காலம் தாழ்த்தலாகாது.