ஒடித்த இடத்தில் திரும்பிய கார்

கார் வாங்கப் போகிறேன் என்று நம் ஊரில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். முதல் கேள்வி, "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" அடுத்தது, எத்தனை பேர் உட்காரலாம். மூன்றாவது, திருப்பி விற்றால் என்ன விலைக்குப் போகும். ஓட்டுவதற்கு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்பவனை விளையாட்டுப் பிள்ளை என்று ஓரங்கட்டிவிடுவார்கள். ஆனால் அந்த நாலாவது கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த இரண்டு ஆலைகள் எங்கள் ஜி.எஸ்.டி. ரோட்டிலேயே இருந்தன. ஒன்று பெருங்களத்தூரைத் தாண்டி வண்டலூர்ப் பக்கம். இன்னொன்று அங்கிருந்து அரைமணிக்குள் போய்விடக்கூடிய மறைமலை நகரில். இரண்டும் மூடப்பட்டுவிட்டன. குரோம்பேட்டையில் வளர்ந்து, இரண்டு ஆலைகளின் வண்டியையும் ஓட்டியவன் என்பதால் இதை எழுத எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

முதல் ஆலை ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ். பிரிட்டனில் கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்ட் கம்பெனியும் இங்கிருந்த யூனியன் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து தொடங்கியது. முதலில் வான்கார்டு என்ற பெரிய கார், பிறகு ஸ்டாண்டர்ட் 8, ஸ்டாண்டர்ட் 10 என்று சின்னக் கார்கள். அந்தக் காலத்தில் பாகங்களைப் பெட்டியில் இறக்குமதி செய்து இங்கே பூட்டி விற்ற வெளிநாட்டுக் கம்பெனிகள் பல. சுங்கவரிக் கமிஷனின் பரிந்துரையை ஏற்று 1953இல் அரசாங்கம் ஒரு முடிவெடுத்தது: பாகங்களைப் படிப்படியாக இங்கேயே செய்யத் திட்டம் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே இடம், வெறுமனே பூட்டி விற்பவர்கள் கிளம்பலாம். ஜெனரல் மோட்டார்ஸ் கிளம்பியது, ஃபோர்டும் கிளம்பியது. ஃபோர்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

மிஞ்சியவர்களில் தனியார் காருக்கு என்று சொல்லத்தக்கவர்கள் மூவர். கல்கத்தா அருகே உத்தர்பாராவில் அம்பாசிடர், பம்பாய் குர்லாவில் ஃபியட், சென்னையில் ஸ்டாண்டர்ட். சுமார் கால் நூற்றாண்டுக்கு ஒரு நடுத்தரக் குடும்பத்தின் தேர்வு இந்த மூன்றுக்குள்தான். டிரைவர் வைத்திருப்பவன் அம்பாசிடர் வாங்குவான், தானே ஓட்டுபவன் ஃபியட் வாங்குவான் என்று ஒரு பேச்சு உண்டு. மூன்றாவது வண்டியை அந்தப் பேச்சு கணக்கில் சேர்த்துக்கொள்ளவே இல்லை.

அந்த மூன்றாவது வண்டி 1961இல் வந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். பிரிட்டனில் 1959இல் டிரயம்ஃப் ஹெரால்ட் என்று வெளிவந்தது. உடம்பை வரைந்தவர் ஜியோவன்னி மிக்கலாட்டி என்ற இத்தாலியர். அதன் கதையில் எனக்குப் பிடித்த பகுதி, அந்தக் கார் சுகமான வண்டியாக அமைந்ததே ஒரு நெருக்கடியால்தான் என்பது. ஸ்டாண்டர்டுக்கு உடம்பு செய்து கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியைப் போட்டிக் கம்பெனியான பிஎம்சி விலைக்கு வாங்கிவிட்டது. அதற்குள் மற்றவர்கள் எல்லாம் உடம்பையும் அடிச்சட்டத்தையும் ஒன்றாக வார்த்த கூடுபோலச் செய்யத் தொடங்கியிருந்தார்கள். அப்படி முழுக் கூடாகச் செய்து தர ஸ்டாண்டர்டுக்கு ஆள் கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல், தனியாக ஒரு சேஸி, அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கும் தனித்தனித் தகடுகள் என்று பழைய பாணிக்குத் திரும்பினார்கள்.

அந்தச் சேஸி முன்பக்கத்தில் ஒடுங்கலானது. அதனால் முன்சக்கரங்கள் திரும்புவதற்கு மற்ற கார்களில் இல்லாத அளவு இடம் கிடைத்தது. முழுக்க ஒடித்தால் ஹெரால்ட் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். அதாவது ஏழரை மீட்டர் சொச்சம். லண்டன் டாக்சிக்குச் சட்டம் விதித்திருந்த அளவு அது. அம்பாசிடருக்குப் பத்து மீட்டருக்கு மேல் வேண்டும். மாம்பலத்துச் சந்துகளில் அந்த இரண்டரை மூன்று மீட்டர் எவ்வளவு பெரிய விஷயம் என்பது ரிவர்ஸ் எடுத்து எடுத்துக் கழுத்து வலித்தவர்களுக்குத் தெரியும்.

எங்கள் சித்தப்பா பாரிமுனையில் ஒரு வங்கியில் வேலை பார்த்தார். எழுபதுகளின் நடுவில் இரண்டு கதவு ஹெரால்ட் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கினார். அதில்தான் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். வார நாளில் ஆபீஸ், வெள்ளிக்கிழமை சாயங்காலம் பல்லாவரம் சந்தை, ஞாயிற்றுக்கிழமை பாண்டி பஜார், இடையில் யாரையாவது தாம்பரம் ஸ்டேஷனில் இறக்கிவிடுவது. இவ்வளவுதான் அந்த வண்டியின் உலகம். நெடும்பயணம் என்று எதற்கும் எடுத்ததாக நினைவில்லை. ஆனாலும் சந்தைக்குப் போக யார் சாவியை எடுப்பது என்பதில் வீட்டில் போட்டி இருந்தது. வெண்டைக்காய் வாங்கப் போவதற்குப் போட்டி!

அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் கியர் ஸ்டீயரிங் தண்டில் இருக்கும். இழுத்து, மடக்கி, மேலே தூக்கி, கீழே தள்ளி என்று ஒரு வித்தை. ஹெரால்டில் கியர் கீழே, கைக்கு எட்டும் இடத்தில் குட்டையாக நிற்கும். "டேய், அதைப் பிடிச்சு மல்லுக்கட்டாதே. ரெண்டு விரலால தள்ளு, தானா போகும்" என்பார் சித்தப்பா. போகும். ஸ்டீயரிங்கும் அப்படித்தான், லேசு. உட்காரும் இடம் தாழ்வு. கண்ணாடியைச் சுற்றி நிற்கும் தூண்கள் ஒல்லி என்பதால் வண்டியின் நாலு மூலையும் தெரியும். என்ஜின் 948 சிசிதான். முப்பத்தைந்து குதிரைச் சக்தியைத் தொடாது. அதை வைத்துக்கொண்டு யாரையும் முந்த முடியாது. மவுண்ட் ரோட்டில் நாற்பதில் போகும்போதே எண்பதில் போகும் உற்சாகம் கிடைக்கும், அதுதான் விஷயம். ஊருக்குள் ஓட்டும் வண்டியின் சுகம் வேகத்தில் இல்லை, இரண்டாவது கியரில் ஒரு திருப்பத்தை எடுப்பதில் இருக்கிறது என்பது என் கட்சி. இன்றைக்கும் கட்சி மாறவில்லை.

ஒடிப்பதற்கு ஒரு சங்கதி உண்டு. முழுக்க ஒடித்துத் திருப்பினால் முன்டயர் தரையில் கரகரவென்று தேய்ந்து முனகும். கடைசி அரை அங்குலம் ஒடிக்காதே, டயர் போய்விடும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். ஆனால் தெருவில் பையன்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அந்த அரை அங்குலத்தை விட்டுவைக்க எந்த இருபது வயதுக்காரனுக்கு மனசு வரும்?

பானெட்டைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. கதவுக்கு முன்னால் இரு பக்கமும் ஒவ்வொரு கொக்கி. இரண்டையும் விடுவித்துத் தூக்கினால் பானெட் மட்டும் வராது. மட்கார்டு, முகப்பு விளக்கு எல்லாம் சேர்ந்து வண்டியின் மூக்கு முழுவதும் முன்பக்கமாகச் சாயும். உள்ளே என்ஜின், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் கம்பி, ரேடியேட்டர் என்று எல்லாமே வெட்டவெளியில். சானடோரியம் பக்கம் ஷெட் வைத்திருந்த மேஸ்திரி முன்டயர்மேல் திண்ணையில் உட்காருவதுபோல் உட்கார்ந்து, பீடியைக் காதில் செருகிக்கொண்டு, குனியாமல் நிமிராமல் பிளக்கைக் கழற்றுவார். கார் எப்படி ஓடுகிறது என்பதை நான் படித்த இடம் அந்த டயருக்கு எதிர்ப்பக்கம். இன்றைய வண்டியில் பானெட்டைத் திறந்தால் ஒரு பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது.

இதே சேஸியைக் குட்டையாக்கித்தான் 1962இல் டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற இரட்டை இருக்கை ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். என்ஜினும் அதே வம்சம். 803 சிசியில் பிறந்து, 948 ஆகி, பிறகு 1147, 1296, 1493 என்று ஸ்பிட்ஃபயருக்குள் வளர்ந்தது. ஆக, பல்லாவரம் சந்தையில் கத்தரிக்காய் ஏற்றிய வண்டிக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று தம்பி முறை. சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களில் ஹெரால்டுகள் ஓடியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பிறகு ஏன் தோற்றது? ஒரு காரணம் கியர் கம்பியே. கீழே கியர் இருப்பதால் முன்னால் இரண்டு தனி இருக்கைகள், இரண்டே பேர். அம்பாசிடரிலோ ஃபியட்டிலோ முன்சீட் ஒரே பலகை. ஓட்டுபவரை ஒட்டி இன்னும் இருவர், மடியில் ஒரு குழந்தை. கல்யாணத்துக்குப் போகும் குடும்பம் எதைத் தேர்ந்தெடுக்கும் என்று யோசிக்கவே வேண்டாம். கதவு இரண்டு என்பது அடுத்த குறை. பாட்டி பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை மடக்கி, அவர் புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு குனிந்து நுழைய வேண்டும். கம்பெனிக்கும் இது உறைத்தது. 1968இல் மார்க் 3 என்று நாலு கதவு வைத்த ஹெரால்டைக் கொண்டுவந்தார்கள். உலகத்தில் வேறெங்கும் நாலு கதவு ஹெரால்ட் கிடையாது. பெருங்களத்தூரின் சொந்தச் சரக்கு.

மூன்றாவது குறை கொஞ்சம் ஆழமானது. ஹெரால்டின் பின்பக்கம் முழு அச்சு கிடையாது. குறுக்குவாட்டில் ஒரே ஒரு ஸ்பிரிங் பட்டைக் கட்டு. இரு பக்கமும் அரை அச்சுகள் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும். வண்டி காலியாக நிற்கும்போது பின்சக்கரங்களின் அடி உள்வாங்கி இருக்கும். ஆட்களை ஏற்றினால் நேராகும். அளவுக்கு மேல் ஏற்றினால் கால் அகட்டி நிற்கும், டயர் ஒருபக்கமாகத் தேயும். வேகமான வளைவில் திடீரென்று ஆக்சிலரேட்டரை விட்டால் வெளிப்பக்கச் சக்கரம் மடங்கப் பார்க்கும். சீமையிலேயே இந்தக் குறையைப் பற்றி எழுதினார்கள். குண்டும் குழியுமான சாலையில் ஆறேழு பேரை ஏற்றும் நம் ஊருக்கு இந்த ஏற்பாடு தோதுப்படவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் ஹெரால்டை மாற்றி கசல் என்று விட்டபோது பின்னால் சாதாரண முழு அச்சையே போட்டுவிட்டார்கள். புத்திசாலித்தனமான மாற்றம்தான். ஆனால் அதற்குள் விற்பனை தேய்ந்துவிட்டது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கசலும் நின்றது.

1985இல் ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு கடைசி முயற்சி. ரோவரின் அழகான உடம்பு, உள்ளே வான்கார்டு காலத்து வம்சத்தில் வந்த 1991 சிசி என்ஜின். கிழவனுக்குக் கோட்டு மாட்டிய கதை. 1988க்குப் பிறகு கார் வரவில்லை. பின்னாளில் ஆலை நிலம் கைமாறி, இன்று அந்த இடத்தில் கணினி நிறுவனக் கட்டடங்களும் அடுக்குமாடிகளும்.

இடையில் 1983 டிசம்பரில் மாருதி 800 வந்து எல்லாக் கணக்கையும் மாற்றியது பலரும் எழுதிவிட்ட கதை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: எடை குறைந்த அந்த மூன்று சிலிண்டர் வண்டி உண்மையிலேயே ஓட்டச் சுகமானது, ஆனால் யாரும் அதற்காக அதை வாங்கவில்லை. கோயம்புத்தூர் கரிவரதன்தான் அதைக் கண்டுகொண்டவர். அந்த 796 சிசி என்ஜினைத் தூக்கி ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் வைத்து ஃபார்முலா மாருதி என்று ஒரு பந்தய வகையையே உருவாக்கினார்.

தொண்ணூறுகளில் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குக் கதவு திறந்ததும் ஃபோர்டு திரும்பி வந்தது. மறைமலை நகரில் ஆலை போட்டு, 1999இல் ஐகான் காரை வெளியிட்டது. அதை ஓட்டிப் பார்த்த முதல் நாளே எனக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் பழைய உறவுக்காரன் ஒருவனைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. 1.6 என்ஜின் பெட்ரோலைக் குடிக்கும், பின்சீட் சுமார், ஆனால் ஸ்டீயரிங் பேசும். 2010இல் வந்த ஃபிகோ இன்னும் நெருக்கம். சின்னக் கார்கள் எல்லாம் மின் மோட்டார் ஸ்டீயரிங்குக்கு மாறிக்கொண்டிருந்த நேரத்தில் அதில் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பழைய ஏற்பாடே இருந்தது. தரையில் என்ன நடக்கிறது என்று உள்ளங்கைக்குத் தெரியும். ஓட்டுபவர்கள் கொண்டாடினார்கள், வாங்குகிறவர்கள் மாருதிக்கும் ஹூண்டாய்க்கும் போனார்கள். சர்வீஸ் செலவு, மறுவிற்பனை, மைலேஜ் என்று அதே பழைய மூன்று கேள்விகள்தான். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. மறு ஆண்டு மறைமலை நகரில் கடைசி கார் இறங்கியது.

அதற்குப் பிறகுதான் என் அண்ணன் மகள் ஒரு ஃபிகோவைப் பழைய வண்டியாக வாங்கினாள். வேலை சிறுசேரியில், வீடு சேலையூரில். "கம்பெனியே மூடிட்டான், இதைப் போய் வாங்குறியே" என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அவள் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். சித்தப்பா, நீங்க ஓட்டிப் பாருங்க என்று சாவியைக் கொடுத்தாள். மேடவாக்கம் சந்திப்பு வரை போய்த் திரும்புவதற்குள் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளே பேரத்தை ஆரம்பித்துவிட்டாள். கம்பெனி மூடியதால் விலை சரிந்திருந்தது, அது அவளுக்கு லாபம். உதிரிபாகம் கிடைக்கிறது, இன்னும் சில ஆண்டுகளுக்குக் கவலையில்லை, மிஞ்சினால் புதுப்பேட்டை இருக்கவே இருக்கிறது.

2024இல் ஃபோர்டு மறுபடியும் மறைமலை நகருக்கு வருவதாகச் செய்தி வந்தது. ஆவலாகப் படித்தேன். ஏற்றுமதிக்கான உற்பத்தி என்று போட்டிருந்தது. உள்ளூர் விற்பனையைப் பற்றி ஒரு வரி இல்லை. அவளிடம் சொன்னேன். "அப்போ இந்த வண்டியை இப்போதைக்குத் தர்றதா இல்லை சித்தப்பா" என்று சொல்லிவிட்டு, காய்கறிக் கடைக்குக் கிளம்பினாள். நடந்தே போகலாம், அந்தக் கடை தெருக்கோடியில்தான் இருக்கிறது.