சுரங்கத்தில் கசிந்ததும் சிப்ஸில் கிடைத்ததும்

பி.காம். படிக்கிற ஆளுக்குப் பழ ஈயோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். இது அக்ரிலமைடு என்ற ரசாயனத்தின் கதை. ஸ்வீடனில் ஒரு ரயில் சுரங்கத்தில் தொடங்குகிறது, ஈ கொஞ்சம் தாமதமாகத்தான் வரும் :-)

தெற்கு ஸ்வீடனின் ஹாலண்ட்ஸோஸ் மலையைக் குடைந்தபோது பாறை இடுக்கெல்லாம் தண்ணீர் பீறிட்டது. அதை அடைக்க 1997-இல் அக்ரிலமைடு கலந்த பசையை டன் கணக்கில் செலுத்தினார்கள். இறுகிவிட்டால் பயமில்லை. ஆனால் ஓடுகிற தண்ணீரில் அது முழுசாக இறுகவில்லை. ஓடையில் மீன்கள் செத்தன. அந்தத் தண்ணீரைக் குடித்த மாடுகள் கால் தள்ளாடி விழுந்தன. அக்டோபரில் வேலை நின்றது. அந்தப் பகுதிப் பாலும் காய்கறியும் விலைபோகவில்லை. (பசையை ஊற்றியவர் ஒருவர், நஷ்டக் கணக்கு எழுதியவர் இன்னொருவர்!)

தொழிலாளர்களின் ரத்தத்தைச் சோதித்தது ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தின் மார்கரேட்டா டோர்ன்க்விஸ்ட் குழு. அக்ரிலமைடு ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் சில மாத வரவு அதில் பதிவாகியிருக்கும். ஒப்பிடுவதற்காகச் சுரங்கத்தின் பக்கமே போகாதவர்களின் ரத்தத்தையும் பார்த்தார்கள். அதிலும் அக்ரிலமைடு இருந்தது! சோதனையில் ஏதோ கோளாறு என்று ஒதுக்கிவிட்டுப் போயிருக்கலாம். இவர்கள் விடவில்லை. எலிகளுக்கு வறுத்த தீனி கொடுத்துப் பார்த்தார்கள், அளவு எகிறியது.

2002 ஏப்ரல் 24 அன்று ஸ்வீடன் உணவுத்துறை உலகத்துக்கே அறிவித்தது: உருளைக்கிழங்கு சிப்ஸில் கிலோவுக்கு ஆயிரம் மைக்ரோகிராமுக்கு மேலும் இருக்கிறது. யாரும் கலக்கவில்லை. கிழங்கில் உள்ள அஸ்பராஜின் என்ற அமினோ அமிலமும் சர்க்கரையும் 120 டிகிரிக்கு மேல் சூடாகும்போது தானாகவே உண்டாகிறது. வேகவைத்த கிழங்கில் இந்தத் தொல்லை இல்லை.

சரி, வளர்கிற உயிரை இது என்ன செய்யும்? மனிதரிடம் சோதிக்க முடியாது. இங்கேதான் நம் ஈ வருகிறது. 1910-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மார்கன் வெள்ளைக்கண் ஈயைக் கண்டதிலிருந்து சோதனைச்சாலையின் செல்லப்பிள்ளை. 25 டிகிரியில் சுமார் பத்தே நாளில் முட்டை ஈயாகிவிடும். உணவில் மருந்தைக் கலந்து, எத்தனை கூட்டுப்புழு, எத்தனை ஈ, எத்தனை நாள் என்று எண்ணினால் போதும். (எங்கள் சரக்கு இருப்புப் பதிவேடு மாதிரிதான்.) அக்ரிலமைடு தின்ற புழுக்கள் தாமதமாக வளர்ந்தன. அளவு கூடக்கூட ஈயாக வெளிவந்தவை குறைந்தன, வந்தவையும் குழாயில் ஏறத் திணறின. ஆனால் அங்கே கொடுக்கும் அளவு நம் தட்டில் இருப்பதைவிட மிக அதிகம். அதைச் சொல்லாமல் பயமுறுத்துவது நியாயமில்லை.

அதே சமயம், 2012-இல் ஐந்து ஐரோப்பிய நாடுகளில் 1,101 தாய்-சேய் ஜோடிகளை ஆராய்ந்தபோது, தொப்புள்கொடி ரத்தத்தில் இதன் தடயம் அதிகமிருந்த குழந்தைகள் சற்று எடை குறைந்து பிறந்தது தெரிந்தது. 2017-இல் ஐரோப்பிய ஒன்றியம் தயாரிப்பாளர்களுக்கு அளவுகோல் வகுத்தது.

சுரங்கம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? 2015 டிசம்பரில்தான் அதில் ரயில் ஓடத் தொடங்கியது.