ஒகேனக்கல் பரிசல் பயணம்

ஒகேனக்கல் பரிசல் பயணம் என்பது தமிழ்நாட்டின் தருமபுரி மாவட்டத்தில் உள்ள ஒகேனக்கல்லில், காவிரி ஆற்றின் குறுகிய பாறை இடுக்கு வழியே பரிசலில் சென்று அருவிகளைக் காணும் சுற்றுலாப் பயணம் ஆகும். பழைய தகடூர் நாடான தருமபுரி, விரிந்த வரையறையில் கொங்கு நாட்டுடன் சேர்த்து எண்ணப்படுகிறது. தருமபுரி நகரிலிருந்து சுமார் 46 கி.மீ. தொலைவில் அமைந்துள்ள இவ்வூருக்குப் பென்னாகரம் வழியாகச் செல்லலாம். எதிர்க்கரை கர்நாடக மாநிலத்தைச் சேர்ந்தது. அங்கிருந்தும் பரிசல்கள் இயக்கப்படுகின்றன.

பெயர்

கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை, 'கல்' என்றால் பாறை. விழும் நீரின் திவலைகள் பாறைகளின் மேல் புகைபோல எழுவதால் இப்பெயர் ஏற்பட்டது. உகுநீர்க்கல் என்ற தமிழ்ப் பெயரையும் சிலர் வழங்குகின்றனர்.

நீர்வழி

இங்கு காவிரி பல கிளைகளாகப் பிரிந்து, பாறைகளுக்கிடையே பல அருவிகளாக விழுகிறது. விழுந்த நீர் செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே ஒடுங்கி ஓடுகிறது. பரிசல்கள் இந்த இடுக்கின் வழியே மேல்நோக்கிச் சென்று அருவிக்கு அருகில் வரை போகின்றன. மணல்திட்டு, பெரியபாணி, ஐந்தருவி, முதன்மை அருவி ஆகியன வழக்கமாகக் காட்டப்படும் இடங்கள். ஒகேனக்கல் பகுதியில் காணப்படும் கார்பனடைட்டுப் பாறைகளின் வயது சுமார் 240 கோடி ஆண்டுகள் என நிலவியலாளர்கள் கணித்துள்ளனர். இடுக்கைக் கடந்த ஆறு, 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தை அடைகிறது. மணிரத்னம் இயக்கிய ரோஜா (1992) திரைப்படத்தின் சில காட்சிகள் இங்கு படமாக்கப்பட்டன.

பரிசலின் அமைப்பு

பரிசல் என்பது மூங்கில் பிளாச்சுகளால் கூடைபோல முடையப்பட்ட வட்ட வடிவப் படகு. முற்காலத்தில் இதன் வெளிப்புறம் மாட்டுத்தோலால் போர்த்தப்பட்டது. இப்போது நெகிழித் தாள்களைப் போர்த்தி, நீர் புகாதிருக்கத் தார் பூசுகின்றனர். எடை குறைவு என்பதால் ஒரே ஆள் கவிழ்த்துத் தலைமேல் சுமந்து செல்ல இயலும். தட்டையான அடிப்பாகம் உடையதால் மிகக் குறைந்த ஆழத்திலும் மிதக்கும். பாறைகள் நிறைந்த இந்த ஆற்றில் வேறு வகைப் படகுகளுக்கு அது எளிதன்று.

பரிசலுக்கு முன்புறம், பின்புறம் என்ற வேறுபாடு இல்லை. அடியில் நெடுக்குக் கட்டை எதுவும் இல்லாததால், ஒரு பக்கம் மட்டும் துடுப்புப் போட்டால் அது முன்னேறாமல் தன்னைத்தானே சுற்றும். ஓட்டுநர் ஒற்றைத் துடுப்பால் தமக்கு முன்னுள்ள நீரை மாறி மாறி இழுத்துப் பரிசலை நேராகச் செலுத்துகிறார். பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றினும் பழக நாளாகும். ஆழமான, அமைதியான இடங்களில் பயணிகளை மகிழ்விக்க வேண்டுமென்றே சுழற்றிக் காட்டுவதும் உண்டு.

பாதுகாப்பு

பயணிகள் ஒரே பக்கம் சாய்ந்தாலோ எழுந்து நின்றாலோ பரிசல் கவிழக்கூடும். அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றுவது மற்றொரு காரணம். 2015-ஆம் ஆண்டு பரிசல் ஒன்று கவிழ்ந்ததில், சுற்றுலா வந்த ஒரு குடும்பத்தினர் பலர் உயிரிழந்தனர். பயணிகள் உயிர்காப்பு மேலுடை அணிவது கட்டாயம். நிழற்படம் எடுப்பதற்காக அதைக் கழற்றுவோர் இன்றும் உள்ளனர் என்பது வருத்தத்திற்குரியது.

நீர்வரத்தும் தடையும்

கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளிலிருந்து திறக்கப்படும் நீரைப் பொறுத்தே இங்கு பரிசல் ஓடுவதும் நிற்பதும் அமைகின்றன. வரும் நீரின் அளவை மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளவிடுகிறது. அளவு கூடும்போது மாவட்ட நிர்வாகம் பரிசல் இயக்கவும் அருவியில் குளிக்கவும் தடை விதிக்கிறது. 2018, 2019, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் நீர்வரத்து நொடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. அத்தகைய காலங்களில் தடை பல நாட்களுக்கு நீடிக்கும்.

அருவி மிகுந்த அழகுடன் தோன்றும் நாட்களும் பரிசல் ஓட்டிகளுக்கு வருமானம் இல்லாத நாட்களும் பெரும்பாலும் ஒன்றே. நாட்கூலியைப் போல அன்றன்று கிடைக்கும் தொகையை நம்பியுள்ள நூற்றுக்கணக்கான குடும்பங்களை இது நேரடியாகப் பாதிக்கிறது. மீன் வறுத்து விற்போர், எண்ணெய் தேய்த்து விடுவோர் ஆகியோரின் நிலையும் இதுவே. கடும் வறட்சியில் ஆறு வற்றும்போது பரிசல் பாறையில் தட்டுவதால், இடுக்கின் ஆழமான பகுதிகளில் மட்டுமே பயணம் இயலும்.