அம்மானையும் மான்மியமும் கிந்தனாரும்



கலை சமூகத்துக்காகக் குரல் கொடுத்ததற்கு உதாரணம் கேட்டால், நம்மில் படித்தவர்கள் நேராக ஸ்பெயின் நாட்டுக்குப் போய்விடுவார்கள். 1937, பிக்காசோ, குவெர்னிகா ஓவியம் என்று ஆரம்பிப்பார்கள். தப்பில்லை. ஆனால் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கொட்டாரம் சந்தியில் நின்று சுற்றிலும் பார்த்தால் போதும். நம்ம அகஸ்தீஸ்வரம் தாலுகா ஒன்றுக்குள்ளேயே மூன்று பெரிய உதாரணங்கள் இருக்கின்றன.

கொட்டாரம் என்ற சொல்லுக்கு மலையாளத்தில் அரண்மனை என்று பொருள். தமிழில் நெற்களஞ்சியம் என்றும் ஒரு பொருள் உண்டு. ஒரே சொல்லில் அரசும் நெல்லும். நான் சொல்லப் போகிற கதைகளிலும் அரசனின் வரியும் களஞ்சியத்தின் சாவியும் வருகின்றன.

முதலில் தாமரைகுளம். 1841ல் அங்கே அரிகோபாலன் சீடர் ஏட்டில் எழுதியது 'அகிலத்திரட்டு அம்மானை'. அய்யாவழி மக்களுக்கு அது வேத நூல். அந்த மரியாதை குறையாமல், சரித்திரம் படித்தவன் என்ற முறையில் மட்டும் ஒன்று சொல்கிறேன். திருவிதாங்கூர் அரசனைக் கலிநீசன் என்று சொல்லி, ஏழைகள்மேல் போட்ட வரிகளை அடுக்கிக் காட்டுகிறது அந்த நூல். வைகுண்ட சுவாமியை அரசு பிடித்துக்கொண்டு போய்ச் சிறையில் வைத்துச் சில வருஷமே ஆகியிருந்த காலம் அது. தோள்சீலை அணிய அரசாணை வந்தது 1859ல்தான். அதற்குப் பதினெட்டு வருஷம் முன்னாலேயே இப்படி எழுத என்ன துணிச்சல் வேண்டும்! அதற்கு எடுத்துக்கொண்ட வடிவத்தையும் பாருங்கள். அம்மானை என்பது நம் பெண்களுக்குப் பழகின கதைப்பாட்டு. ஒருவர் ஏட்டைப் பிடித்து வாசித்தால் எழுத்தறியாத நூறு பேர் உட்கார்ந்து கேட்கலாம். 1939ல் அச்சுக்கு வரும்வரை அது ஏட்டிலும் காதிலுமே வாழ்ந்தது.

இரண்டாவது, தேரூர். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையை (1876–1954) குழந்தைப் பாட்டுக் கவிஞராகவே பள்ளிக்கூடத்தில் நமக்குக் காட்டினார்கள். அவருக்குள் இருந்த குறும்புக்காரரை நம்மில் பலர் பார்க்கவே இல்லை. 'தமிழன்' என்ற பத்திரிகையில் அவர் தொடராக எழுதியது 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்'. மான்மியம் என்றால் ஒரு தலத்தின், தெய்வத்தின் பெருமை பாடுவது. இவரோ ஒரு சொத்துரிமை முறைக்கு மான்மியம் பாடினார்!

வெளியூர்த் தம்பிகளுக்காக அந்த முறையைச் சொல்லிவிடுகிறேன். நாஞ்சில் நாட்டு வேளாளரில் ஒரு பகுதியினரிடம் சொத்து அப்பனிடமிருந்து மகனுக்குப் போகாது. சகோதரியின் மகனுக்குப் போகும். வீட்டை ஆளும் மூத்த ஆண் காரணவர். அவருக்குப் பின் வாரிசான மருமகன் அனந்திரவன். கன்னிப்பூவும் கும்பப்பூவும் அப்பனோடு நின்று அறுத்துப் போட்ட மகனுக்கு, அப்பன் கண்ணை மூடினால் பத்தாயத்துச் சாவி இல்லை. உகந்துடைமை என்று பிள்ளைகளுக்கு ஒரு பங்கு உண்டு என்பார்கள். அதை வாங்கவும் வழக்குத்தான். மனைவி பாடு அதைவிடக் கஷ்டம். ஒருத்தி போனால் இன்னொருத்தி என்று காரணவர் கட்டிக்கொண்டே போகலாம்.

கவிமணி கதையைச் சொல்லவைத்தது ஒரு காரணவரின் ஐந்தாவது மனைவியை. கணவர் பெயர் பஞ்சகல்யாணிப் பிள்ளை. ஐந்து கல்யாணம் ஆனவருக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா? படலங்களின் தலைப்புகளே பாதிக் கதையைச் சொல்லிவிடும். 'மாமி அரசியற் படலம்' என்றால் அடுக்களையில் நடக்கிற ஆட்சி. நாகாஸ்திரம், கருடாஸ்திரம் என்று வருவது காவிய யுத்தமில்லை, சொத்துச் சண்டை. 'கோடேறிக் குடிமுடித்த படலம்' கோர்ட்டு ஏறி ஏறிக் குடும்பமே அழிந்த கதை. காவியத்தின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வக்கீல் பீஸையும் மாமியார் ஏச்சையும் பேசும்போது சிரிப்பு வராமல் இருக்குமா? சிரித்து முடித்த பிறகுதான் தெரியும், அந்தப் பெண் கடைசியில் கையில் ஒன்றுமில்லாமல் பிள்ளைகளோடு நிற்கிறாள் என்று.

இந்த நூல்தான் சட்டத்தைக் கொண்டுவந்தது என்று மேடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படி ஒரேயடியாகச் சொல்லுவது சரியில்லை. 1926ல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து மனைவி மக்களுக்கு உரிமை கிடைத்ததற்குப் பின்னால் மனுக்களும் கூட்டங்களும் பல வருஷம் நடந்தன. நாயர்களுக்கும் ஈழவர்களுக்கும் 1925லேயே சட்டம் வந்துவிட்டது. காலமே அந்தத் திசையில்தான் போய்க்கொண்டிருந்தது. மான்மியம் செய்த வேலை வேறு. அதுவரை பெரியவர்கள் 'குல ஆசாரம்' என்று கையெடுத்துக் கும்பிட்டதை, அவர்களே சிரிக்கிற விஷயமாக்கிவிட்டது. சிரிப்புக்கு ஆளானபிறகு ஓர் ஆசாரத்தை மேடையேறி ஆதரித்துப் பேசுவது லேசில்லை.

இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும். மான்மியத்தில் அழுவது நிலம் உள்ளவர்கள் வீட்டுப் பெண். அந்த வயலில் இறங்கி நட்டவளுடைய கதை அதில் இல்லை. சுசீந்திரம் கோயில் தெருவில் எல்லாச் சாதியாரும் நடக்கலாமா என்று சத்தியாக்கிரகம் தொடங்கியதும் அதே 1926ல்தான்.

அந்தக் குறையை ஓரளவு தீர்த்தவர் நம் மூன்றாம் ஆள், ஒழுகினசேரியில் 1908ல் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். கோயில் கொடையில் வில்லடிச்சான் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர். அந்தப் பாட்டின் நாயகர்கள் பலரும் அநியாயமாகச் செத்துத் தெய்வமானவர்கள்தானே! லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறை சென்று 1947ல் விடுதலையாகி வந்தவர், 1949ல் 'நல்லதம்பி' படத்தில் 'கிந்தனார்' காலட்சேபம் செய்தார். எழுதியவர் உடுமலை நாராயணகவி. பாகவதர் வேஷம், நந்தனார் சரித்திரத்தின் அதே தோரணை. உள்ளே இருப்பது வேறு. நந்தன் சிதம்பரத்தில் தீயில் இறங்கி எழுந்தால்தான் ஏற்றுக்கொள்வார்கள். கிந்தன் பட்டணம் போய்ப் படித்துக் கல்வி அதிகாரியாகத் திரும்பி வருகிறான். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் எவ்வளவு பெரிய வித்தியாசம்! காந்தி மகான் கதையையும் அவர் வில்லிலே பாடினார். அதற்குப் பாட்டு எழுத அவர் அழைத்துவந்த இளைஞர் சுப்பு ஆறுமுகம், 2022ல் காலமாகும்வரை வில்லைக் கைவிடவில்லை.

அம்மானை, மான்மியம், காலட்சேபம், வில்லு - நாலும் ஏற்கெனவே ஊருக்குப் பழகினவை. ஜனங்கள் காது கொடுத்துக் கேட்கிற இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, கேட்க விரும்பாததைச் சொன்னார்கள் இவர்கள்.

இப்போது படிக்கிற பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். மான்மியத்தைக் கையில் எடுத்தால் பக்கத்துக்குப் பத்துச் சொல் புரியாது. சமையல் பாத்திரம், நகை, உறவுமுறை, ஏச்சு எல்லாம் அந்தக்கால நாஞ்சில் பேச்சு. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தேரூர், தாழக்குடி, பூதப்பாண்டிப் பக்கம் வயதான ஆச்சிமார் யாராவது இருக்கிற வீட்டுக்குப் போங்கள். ஒரு படலம் வாசித்துக் காட்டி, அவர்கள் சொல்லும் அர்த்தத்தை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த மலரில் அதைப் போடலாம்.