செவிமடுத்தல் (கிறித்தவ வாழ்வியல்)

செவிமடுத்தல் என்பது இறைவார்த்தையையும் அடுத்தவர் சொல்லையும் மனம் ஊன்றிக் கேட்டு, கேட்டதற்கேற்ப நடக்கும் கிறித்தவ நெறி. தமிழகத்தில் கிறித்தவம் வேரூன்றியதில் இந்நெறிக்குப் பெரும் பங்குண்டு.

விவிலிய அடிப்படை

இஸ்ரயேலரின் அன்றாட மன்றாட்டு, கேட்கும்படி விடுக்கும் அழைப்போடு தொடங்குகிறது (இணைச்சட்டம் 6:4). சிறுவன் சாமுவேல், இரவில் அழைத்த ஆண்டவரின் குரலை மூன்று முறையும் முதிய குரு ஏலியின் குரல் என்றே எண்ணி ஓடினான். கேட்கும் முறையை அவனுக்குக் கற்றுத் தந்தவர் அந்த முதியவரே (1 சாமுவேல் 3). நம்பிக்கை பிறப்பது கேள்வியால் என்கிறார் பவுல் (உரோமையர் 10:17). கேட்பதில் விரைவையும் பேசுவதில் நிதானத்தையும் வலியுறுத்தும் யாக்கோபு, கேட்டபடி நடவாதவர் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார் என எச்சரிக்கிறார் (1:19–22). எம்மாவு வழியில் இயேசு, சீடர் இருவரின் துயரத்தைக் கேட்ட பின்பே மறைநூலை விளக்கினார் (லூக்கா 24).

மறவர் நாட்டிலும் புதுக்கோட்டையிலும்

1686இல், சேதுபதி மன்னர் ஆண்ட மறவர் நாட்டில் சிறைப்பட்ட இயேசு சபைக் குரு அருளானந்தர், அங்கே மீண்டும் போதிக்கக் கூடாது என்ற கட்டளையுடன் விடுவிக்கப்பட்டார். திரும்பி வந்து போதித்த அவர் 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் கொல்லப்பட்டார். புதுக்கோட்டைப் பகுதியில் ஆவூர், மதுரை மறைப்பணித்தளத்தின் முக்கிய மையமாக விளங்கியது. இத்தகைய சூழலில், குருவானவர் எப்போதாவதே வரமுடிந்த ஊர்களில், உபதேசியார் சொல்லச் சொல்ல மக்கள் செபங்களைக் கேட்டே மனப்பாடம் செய்தனர். வேதியர் எனவும் அழைக்கப்பட்ட உபதேசியார்களுக்காகவே இயேசு சபைக் குரு வீரமாமுனிவர் 'வேதியர் ஒழுக்கம்' எழுதினார்.

போதகரின் செவி

கேட்கும் கடமை போதகருக்கும் உண்டு. 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நோபிலி, சிவதருமர் என்பவரிடம் மாணவராக அமர்ந்து வடமொழி கற்றார். அதற்கு நூறாண்டுக்குப் பின் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் லூத்தரன் போதகர் சீகன்பால்க், பள்ளிப் பிள்ளைகளோடு அமர்ந்து தமிழ் எழுத்துப் பழகினார். அவரும் உடன்பணியாளர் கிரண்ட்லரும் சமயம், வழக்கம், வாழ்க்கை பற்றித் தமிழரிடம் கேள்விகள் அனுப்பி, 1712–1714 காலத்தில் மறுமொழிக் கடிதங்கள் பெற்றனர். கிறித்தவரின் நடத்தை மீதான கடுமையான குறைகளும் அவற்றில் இருந்தன. அவை ஜெர்மன் மொழிபெயர்ப்பில் ஹாலே நகரில் அச்சாயின. ஆனால், தமிழரின் தெய்வங்கள் பற்றிச் சீகன்பால்க் 1713இல் முடித்த நூலை அச்சிட ஹாலேயில் இருந்த மறைப்பணி ஆதரவாளர்கள் முன்வரவில்லை. அது 1867இல்தான் சென்னையில் வெளிவந்தது. களத்தில் ஒருவர் காதுகொடுத்தாலும், அனுப்பிய சபையும் காதுகொடுத்தால்தான் அந்த உழைப்பு பயன்தரும் என்பதற்கு இது சான்று.

இன்றைய வாழ்வில்

ஒப்புரவு அருட்சாதனம், நோயாளர் சந்திப்பு, அன்பியக் கூட்டம் ஆகிய அனைத்திலும் கேட்பவரின் பொறுமையே முதல் தேவை. சகோதரருக்குச் செவிகொடுக்காதவர் காலப்போக்கில் கடவுளுக்கும் செவிகொடுக்க மாட்டார் என்பது, ஜெர்மன் இறையியலாளர் போன்ஹோஃபர் 1939இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்திய கருத்து. 2021–2024இல் நடந்த கத்தோலிக்க ஆயர் மாமன்றம், பங்குகளில் உள்ள சாதாரண மக்களின் குரலைக் கேட்பதிலிருந்து தொடங்கியது. துயரத்தோடு வருபவரிடம் உடனே அறிவுரை சொல்வதும், அவர் பேசும்போதே பதிலைத் தேடுவதும் இந்நெறிக்குப் பெருந்தடைகள். பேசுபவர் முடிக்கும்வரை காத்திருப்பதும், புரியாததைத் திரும்பக் கேட்பதும், கேட்டதைப் பிறரிடம் சொல்லாமல் காப்பதும் ஒவ்வொரு கிறித்தவரும் பழகவேண்டிய அன்புப் பணிகள்.