மலைச்சரிவும் மாதர் சேலையும்

பதுளையிலிருந்து பசறை வழியாகச் செல்வோர்க்கு நமுனுகுல மலைத்தொடர் கண்ணுக்கு விருந்தாக அமைவது. 6,600 அடிக்கு மேல் உயர்ந்த இம்மலை, ஒன்பது சிகரங்களை உடைமையால் இப்பெயர் பெற்றது என்பர். அதன் சரிவெங்கும் தேயிலை. அத்தேயிலையினிடையே கூடை சுமந்து நிரை நிரையாக ஏறும் பெண்களை ஓவியத்திலும் தபால் அட்டையிலும் காணாதார் இலர். படத்தைக் கண்டு மகிழும் நாம், அப்பெண்கள் உடுத்த துணியைப் பற்றி எண்ணியதுண்டோ? உடுத்தும் துணி நடையை ஆளும். நடை மனத்தின் உறுதியை ஆளும். இவ்வுண்மைக்கு ஊவாத் தோட்டங்களின் வரலாற்றைவிடச் சிறந்த சான்று வேறு வேண்டுவதில்லை.

கோப்பிப் பயிர் ஓங்கியிருந்த காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளருள் ஆடவரே மிகுதி. அறுவடை முடிந்ததும் அவருட் பலர் ஊர் திரும்பினர். 1869 ஆம் ஆண்டில் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழிக்கத் தொடங்கிய பின்னர், தேயிலை அதன் இடத்தைப் பற்றிக்கொண்டது. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாக மக்கள் குடியேறினர். திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை, புதுக்கோட்டைச் சீமைகளின் பெண்கள், வயலிலே உடுத்த பருத்திச் சேலையோடு இம்மலையிலே வந்து நின்றனர்.

அச்சேலையைத் தோட்டத்தார் சீலை என்பர். முரட்டு நூலால் நெய்த அத்துணியைப் பின்கொசுவம் வைத்துக் கட்டுதல் உழவர் குடிப் பெண்களின் வழக்கம். மடிப்பெல்லாம் பின்னே செல்வதால் முன்னே கால் தடையின்றி வீசி நடக்கலாம். துணியின் சொரசொரப்பு இடுப்பிலே செருகிய முனையை நழுவாமற் பிடித்துக்கொள்ளும். நாற்று நடக் குனிந்தாலும், களத்துமேட்டில் ஏறினாலும் சேலையைப் பற்றிய கவலை வேண்டியதில்லை. சமவெளிக்கு அது போதிய உடைதான்.

ஆனால், மலை புதிய சோதனைகளை வைத்தது. ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவக்காற்று ஊவாவிலே பெருமழை பொழிவிக்கும். நனைந்த பருத்தி நீரைக் குடித்துக் கனக்கும். காலைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். அடி எடுத்து வைப்பதைச் சுருக்கும். வழுக்கும் சரிவிலே சுருங்கிய அடி ஆபத்தானது. கவ்வாத்து வெட்டப்பட்ட தேயிலைச் செடியின் கிளைகளோ முள்ளைப் போல் விறைத்து நின்று துணியைக் கிழிக்கும். ஆடி, ஆவணி மாதங்களில் நிலைமை வேறு. ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் தந்த அதே வறண்ட காற்று, மெல்லிய துணியாயின் அதைப் பறக்கடித்து, இரு கைகளாலும் கொழுந்து கிள்ளுபவளை இடையிடையே சேலையைப் பிடிக்கச் செய்யும்.

இவற்றிற்கு மாற்று எந்தத் துரையும் வகுத்துக் கொடுத்ததன்று, அப்பெண்களே கண்டது. சேலையை முழங்காலுக்குச் சற்றுக் கீழே ஏற்றிக் கட்டினர். அதன்மேல் இடுப்பைச் சுற்றிச் சணற் சாக்கைக் கட்டிப் படங்கு என்றனர். கிளையின் கீறலைச் சாக்கு ஏற்றது. உள்ளே இருந்த சேலை கிழியாமல் தப்பியது. தலையிலே கம்பளியை மடித்துப் போட்டு அதன்மேற் கூடைக் கயிற்றை மாட்டினர். கம்பளி, நனைந்த பின்னும் சூட்டைக் காக்கும் இயல்பினது. கயிறு நெற்றியை அறுக்காமலும் தடுத்தது. பருத்தி, சணல், கம்பளி என்னும் மூன்று துணிகளும் தத்தம் குணத்திற்கேற்ற இடம் பெற்றன. இவ்வாறு உடுத்தவள், செங்குத்தான நிரையிலும் கைகள் இரண்டும் தொழிலில் இருக்க, நிமிர்ந்து ஏறினாள்.

எனினும் இவ்வுடைக்கு ஒரு விலை இருந்தது. தோட்டம் கொடுத்த கம்பளி இலவசமன்று. அரிசியைப் போலவே அதுவும் தொழிலாளியின் பேரேட்டிலே கடனாக ஏறியது. குளிரைத் தடுத்த துணியே கடனையும் போர்த்தியது. 1927 ஆம் ஆண்டிலே குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தபோதும் பெண்ணுக்கு ஆணினும் குறைந்த கூலியே விதிக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரிலே கதர் நிதி திரட்ட இலங்கை வந்த காந்தியடிகள் பதுளைக்கும் வந்தார். முரட்டுத் துணி உடுத்தல் இழிவன்று என்பதே கதர் இயக்கம் கூறிய செய்தி. மலைநாட்டுப் பெண்ணோ முரட்டுத் துணியின் அருமையைத் தன் தொழிலாலேயே அறிந்திருந்தாள். ஆணுக்கு நிகரான சம்பளம் அவளுக்குக் கிடைக்க 1984 ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மலைக்குரிய உடை ஒன்றாயின், கோயிலுக்குரிய உடை மற்றொன்று. தீபாவளி முற்பணம் பெற்று, மாதந்தோறும் சம்பளத்திற் கழிய, பெண்கள் புதுச்சேலை வாங்கினர். நைலெக்ஸ் முதலிய செயற்கை இழைச் சேலைகள் பரவியபோது அவை தோட்டத்திலும் விரும்பப்பட்டன. நீரைக் குடியாமை, விரைவில் உலர்தல், சாயம் மங்காமை ஆகியவை அவற்றின் நலன்கள். லயத்து அறையில் அடைமழைக் காலத்தே துணி உலர்த்துதல் எத்துணைத் துன்பம் என்பதை அறிந்தார்க்கு இந்நலன்களின் மதிப்பு விளங்கும். ஆயின் வழுவழுப்பான அத்துணியில் மடிப்பு நிற்பதில்லை, செருகல் நழுவும். ஆகவே மெதுவாக நடக்கும் திருவிழாவுக்கு அது உகந்தது, சரிவுக்கு ஒவ்வாதது. காலை பிரட்டுக்கு முரட்டுச் சீலையும், மாலை திருவிழாவுக்கு மினுக்கும் சேலையும் என இரண்டையும் பேணியவள், தான் கூலியாள் மட்டுமல்லள் என்பதைத் தன் ஊரார்க்கு உணர்த்தினாள்.

இன்றைய கொழுந்து மலையிலே மாற்றங்கள் பல. சாக்குக்குப் பதில் பிளாஸ்டிக் படங்கு. சேலைக்குப் பதில் பாவாடையும் ஆடவர் அணியும் நீளக்கைச் சட்டையும். பிளாஸ்டிக் மழையைத் தடுக்கும். ஆனால் வியர்வையையும் உள்ளே அடைக்கும். ஒவ்வொரு துணியும் ஒன்றைத் தந்து ஒன்றைப் பறிக்கிறது. அதனை நிறுத்துப் பார்க்கும் அறிவு, பாட்டியிடமிருந்து பேத்திக்கு வந்த சொத்து. தோட்டத்தின் கணக்குப் புத்தகத்திலே கொழுந்தின் நிறையும் நாட்சம்பளமும் கடனும் காணப்படும். இவ்வறிவுக்கு அதில் ஒரு வரியும் இல்லை. நமுனுகுலச் சரிவிலே கொழுந்தெடுக்கும் பெண்களை இனிக் காணும்போது, நேயர்களே, அவர்கள் இடுப்பிற் கட்டிய படங்கையும் சற்றே நோக்குவீர்களாக.