சந்தேகக் கேஸ்

காமர்ஸ் படித்த யாரையாவது கேட்டுப் பாருங்கள். டிரயல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால் என்ன செய்வீர்கள்? வித்தியாசத்தை 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்று தனியே எழுதி வைத்துவிட்டு, மேற்கொண்டு வேலையைப் பார்ப்போம் என்பார். அப்புறம் தப்பு எங்கே என்று தேட வேண்டும். எழுதி வைப்பது சுலபம். தேடுவதுதான் கஷ்டம்.

அமெரிக்காவின் நாசாவும் ஒரு சஸ்பென்ஸ் கணக்கு வைத்திருந்தது. அதில் கிடந்தது என்ன தெரியுமா? ஓசோன் ஓட்டை!

1978 அக்டோபரில் நிம்பஸ்-7 என்ற செயற்கைக்கோள் மேலே போனது. அதிலிருந்த 'டாம்ஸ்' கருவிக்கு ஓசோனை அளப்பதுதான் உத்தியோகம். சூரியனின் புற ஊதாக் கதிர்கள் நம் தோலையும் கண்ணையும் பதம் பார்க்காமல் தடுக்கிற வாயு அது. தினமும் வந்து குவியும் எண்களை மனிதர்கள் உட்கார்ந்து பார்த்து மாளாது. புரோகிராம்தான் பார்த்தது.

கருவி என்றால் கோளாறும் வரும். ஒரு தப்பான எண்ணுக்காக மொத்த வேலையும் படுத்துவிடக் கூடாதே? அதனால் ஒரு ஏற்பாடு. 180 டாப்சன் யூனிட்டுக்குக் கீழே எந்த எண் வந்தாலும் 'சந்தேகக் கேஸ்' என்று முத்திரை குத்தி ஒதுக்கு, அடுத்ததைப் பார். அதுவரை யாரும் அவ்வளவு குறைவாக அளந்ததே இல்லை. ஆகவே நியாயமான ஏற்பாடுதான்.

இந்தப் பக்கம் அன்டார்க்டிகாவில், ஹாலி ஆய்வு நிலையத்தில், பிரிட்டிஷ்காரர்கள் 1950களிலிருந்து தரையில் கருவி வைத்து அளந்துகொண்டிருந்தார்கள். அக்டோபர் மாத ஓசோன் வருஷா வருஷம் இறங்குகிறது. 300 பக்கம் இருந்தது 200க்கு வந்துவிட்டது. கருவி ரிப்பேரோ? வேறு கருவி வைத்தும் பார்த்தார்கள். அதே கதை. 1985 மே மாதம் ஃபார்மன், கார்டினர், ஷாங்ளின் மூவரும் 'நேச்சர்' இதழில் எழுத, உலகம் ஆடிப்போனது.

நாசாவின் கம்ப்யூட்டர் அந்த எண்களைக் குப்பையில் போட்டுவிட்டது என்று ஒரு கதை இன்றைக்கும் உலவுகிறது. உண்மை அதுவல்ல. எண்கள் பத்திரமாகவே இருந்தன. 1983 அக்டோபர் கணக்கில் சந்தேகக் கேஸ்கள் அன்டார்க்டிகா மேல் கும்பலாக விழுந்திருப்பதை நாசா ஆட்கள் 1984-லேயே கவனித்துவிட்டார்கள். சரிபார்க்க தென் துருவத் தரை நிலையத்தின் கணக்கைப் புரட்டினால், அது 300 என்றது. குழம்பிப் போனார்கள். தப்பு அந்தத் தரைக் கணக்கில் இருந்தது! குழப்பம் தீர்வதற்குள் பிரிட்டிஷ்காரர்கள் முந்திக்கொண்டார்கள்.

ஆனால் ஒதுக்கியதை அழிக்காமல் வைத்திருந்தார்கள் பாருங்கள், அங்கேதான் பிழைத்தோம். எடுத்துப் போட்டுப் பார்த்ததில் ஓட்டை ஒரு கண்டம் அளவுக்கு விரிந்தது. 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. குளிர்பதனப் பெட்டியிலும் ஸ்பிரே டப்பாவிலும் இருந்த சி.எஃப்.சி. வாயுக்களுக்குக் கடிவாளம் விழுந்தது. அன்டார்க்டிகாவில் ஓசோன் 2066 வாக்கில் 1980-ன் நிலைக்குத் திரும்பலாம் என்கிறது 2022-ல் வந்த ஐ.நா. மதிப்பீடு.

உங்கள் ஆபீஸிலும் ராத்திரி தானாக ஓடி, காலையில் ரிப்போர்ட் தருகிற புரோகிராம் ஒன்று இருக்கும். தப்பு வந்தால் நிற்காமல் ஓடுகிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். நேற்று எத்தனை எண்களை ஒதுக்கியது, எங்கே வைத்திருக்கிறது, அதை யார் பார்த்தார்கள் என்றும் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் வராது.